ஏழாவது வளையம்

அந்தப் பேராசிரியரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளைக்காரன் காலம். ஐப்பசி மழைக்கு மரவட்டைகள் கிளம்பியிருந்தன. அவற்றை ஆராய மைக்ராஸ்கோப்போடு வந்து திருச்சுழி பங்களாவில் தங்கியிருந்தார். மிஷன் பள்ளி ஆசிரியனான நான், கரிசலில் பொறுக்கிய மரவட்டைகளைப் போத்தலில் கொண்டுபோனேன்.

ஒல்லியான ஆள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, ஒரே மரவட்டையை அரைமணி நேரம் பார்ப்பார். எனக்கு எல்லாமே ஒரே கறுப்புதான்.

"மேலோட்டமாப் பாத்துப் பேரு சொல்றவன் மடையன், வாத்தியாரே. ஆண் மரவட்டைக்கு ஏழாவது வளையத்துல கால் வேற மாதிரி இருக்கும். அதைப் பாத்தாத்தான் எது எந்த இனம்னு சொல்ல முடியும்."

நகர்ந்து இடம் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். ஒன்றுக்குக் கொக்கி போல வளைந்திருந்தது. இன்னொன்றுக்குக் கரண்டி போலத் தட்டையாக இருந்தது. சந்தோஷமாக நிமிர்ந்தேன்.

"ஊர்ல உங்களுக்கு எந்தத் தெரு?" என்றார்.

எங்கள் பக்கத்தில் சாதியை அப்படித்தான் கேட்பார்கள்.

"கிழக்குத் தெரு சார்."

கிழக்குத் தெரு என்றால் சேரி என்று அவருக்கும் தெரியும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, மைக்ராஸ்கோப்பில் என் கண் பட்ட இடத்தை என் எதிரிலேயே அழுத்தித் துடைத்தார்.

"எதுக்கு சார் தொடைக்கிறீக?"

"தப்பா எடுத்துக்காதீங்க. பழக்கம்" என்றபடி அடுத்த மரவட்டையின் மேல் குனிந்தார்.

போத்தலில் மிச்சமிருந்தவற்றைப் பங்களா வாசலிலேயே கொட்டிவிட்டு நடந்தேன். அவ்வளவு நிதானமான மனிதருக்கு என் விஷயத்தில் மட்டும் என்ன அவசரம்?