பாலத்தில் இறங்கி நடந்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் என் பழைய மாணவர் ஒருவர் சைக்கிளில் வந்தார். வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். மணியடிக்கவில்லை.

"சார், நம்ம சவரிமுத்து சார் விடியக்காலையில தவறிட்டாரு."

அப்படி இறங்கி வரும் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் சவரிமுத்து அவர்கள்தாம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பினாங்குப் பட்டணத்துப் பள்ளியொன்றில் அவர் கணக்கு வாத்தியார். நான் அதே பள்ளியில் தமிழ் வாத்தியாராகச் சேர்ந்த பிறகு, நாங்கள் குடியிருந்த ஜெலுத்தோங்கிலிருந்து இருவரும் சேர்ந்தே சைக்கிளில் போவோம். வழியில் சுங்கை பினாங் ஆற்றுப் பாலம். ஒரு மாட்டுவண்டி வந்தால் மற்றவர்கள் ஒதுங்க வேண்டிய குறுகல்.

நான் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு காலை. எங்களுக்கு முன்னால் பால்கார அஞ்சலையம்மாள் தலையில் பால்குடத்தோடு போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நான் பின்னாலிருந்து மணியை ஓங்கி அடித்தேன். தலையில் சுமை இருப்பவர் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது. உடம்போடு திரும்பியாக வேண்டும். அவர் பதறித் திரும்பினார், கால் இடறியது. பால் பாலமெங்கும் ஓடியது. வலது கை முறிந்துவிட்டது.

"எந்தப் படுபாவி மணியடிச்சது?" என்று அழுதார். கூட்டம் கூடிவிட்டது. என் நாக்கு எழவில்லை.

"நான்தாம்மா" என்றார் சவரிமுத்து.

அவரே ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தலைமையாசிரியரின் கண்டிப்பையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்த என் வேலை போய்விடக் கூடாதென்று அப்படிச் செய்தார்.

கை கூடியது, பயம் போகவில்லை. பாலத்தில் சைக்கிளைக் கண்டாலே அஞ்சலையம்மாள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்பார். கடைசிச் சைக்கிளும் தாண்டிய பிறகே நடப்பார். முதுகுக்குப் பின்னால் ஒரு சக்கரம் வர விடமாட்டார். அன்றிலிருந்து சவரிமுத்து பாலத்தின் முனையிலேயே இறங்கி, மறுமுனை வரை தள்ளிக்கொண்டு நடந்தார். மழையிலும் அப்படித்தான். அவரைப் பார்த்து நானும், பின்னர் பையன்களும், கடைகளில் கணக்கெழுதப் போகும் கிராணிமாரும் இறங்கினோம்.

அந்த அம்மாள் அவரை ஏசுவதை விடவில்லை. "மணிக்கார வாத்தியார் வர்றாரு, எல்லாரும் ஆத்துல குதிங்க!" என்பார்.

"குதிக்க வேணாம்மா, தண்ணி அழுக்கா இருக்கு. நான் நடந்துதான் வர்றேன். நீங்க முன்னால போங்க."

"நான் போகமாட்டேன். நீங்க போங்க."

ஒருநாள் தாங்காமல், "சார், உண்மையை நானே சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லுங்க சார். ஆனா எனக்காகச் சொல்லாதீங்க. அந்தம்மா பயமில்லாம முன்னால நடக்கணும். எனக்கு அது போதும்" என்றார்.

நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நாளை நாளை என்று முப்பது வருடம் ஓடியது. நான் ஓய்வும் பெற்றுவிட்டேன்.

புதன்கிழமை மாலை, அவருடைய சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு மாதா கோவிலுக்குப் புறப்பட்டோம். நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் அவருடைய மாணவர்கள், முப்பது நாற்பது சைக்கிள்கள், ஒருவரும் ஏறவில்லை. பாலத்தில் அஞ்சலையம்மாள், நரைத்த தலையோடு, கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார். நான் அருகே போனேன்.

"அம்மா, அன்னிக்கு மணியடிச்சது அவர் இல்ல. நான்."

அவர் என்னையே பார்த்தார். "இத்தனை வருசமா நான் அவரையில்ல ஏசினேன்? சிரிச்சிக்கிட்டே போனாரே அந்த மனுசன்... அவர் காது கேக்கையில சொல்லியிருக்கலாமே, ஐயா."



அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கம்பியை விட்டுவிட்டு நடுப்பாலத்துக்கு வந்து, பெட்டிக்குப் பின்னால் நடந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் அத்தனை சைக்கிள்களும் மெல்லக் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தன. என் மணியை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

மறுமுனை வரை அந்த அம்மாள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

சவரிமுத்து சார், அந்த அம்மாள் முன்னால் நடந்துவிட்டார். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.