காட்டினால்தான் கணக்கு

நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மகள் போனில் ஆங்கில வார்த்தை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். முதல் மூன்று எழுத்தை அது கொடுக்கும்; அதில் தொடங்கும் சொற்களை நாம் போட வேண்டும்.

"சி, ஆர், இ. கிரீம் போட்டுட்டேன். யாருக்கும் தெரியாத வார்த்தையா ஒண்ணு சொல்லுங்கம்மா."

எனக்கு ஒன்று தெரியும். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஈரச் செம்மண் வாசனைதான் வந்தது.

இதை நானும் பிலோமினாவும் போன் இல்லாமலே ஆடியிருக்கிறோம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் புது டீச்சர்கள். அவள் அந்தத் தோட்டத்துப் பெண், வீடு மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. நான் வெளியூர், கீழே அறை எடுத்திருந்தேன். காலையில் மேடேறிப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். நட்பு என்று சொல்லிக்கொண்டாலும், பாதி அவள் அம்மா சுடும் ரொட்டிக்காகத்தான்.

எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் இந்த விளையாட்டு. எல்லாருக்கும் தெரிந்த சொல் ஒன்று, தெரியாத சொல் ஒன்று. நான் அகராதியை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறேன் என்று கண்டுபிடித்ததும் அவள் ஒரு சட்டம் போட்டாள். சொன்னதைக் கையால் காட்ட வேண்டும், காட்டினால்தான் கணக்கு. ஒருநாள் கெத்தாக 'குரோகடைல்' என்றேன். 'எங்க, காட்டு' என்றாள். மஸ்கெலியாக் குளிரில் முதலைக்கு எங்கே போவது?

பிறகு மழை பிடித்தது. நாள் கணக்காக விடவில்லை.

டி, ஐ, எல் என்றேன். "டைல். டில்ட்" என்று சொல்லி, லயத்துக்கு மேலே நின்ற டர்பன்டைன் மரத்தைக் காட்டினாள். மரம் சாய்ந்திருந்தது. சிரித்தோம். மறுநாள் எஸ், இ, இ. "சீட், விதை. சீப்" என்று வீட்டுச் சுவரின் அடியைக் காட்டினாள். தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அன்று அவ்வளவாகச் சிரிக்கவில்லை. அதற்கடுத்த முறைதான் சி, ஆர், இ.

"கிரீம். கிரெவிஸ்."

"எங்க, காட்டு."

லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள். மண்மேட்டில் குறுக்கே நீளமாக ஒரு வெடிப்பு.

"நேத்து வெரல்தான் போச்சு. இன்னைக்குக் கை போவுது" என்றாள்.

அதோடு விளையாட்டை விட்டோம்.

அதிகாரிகள் வந்து, மண் சரியலாம் என்று எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். லயத்துச் சனங்கள் பாயும் சட்டிபானையுமாக வந்தார்கள். ஆனாலும் வீட்டுக்கு ஒருவர் பகலில் மேலே போய் அடுப்பு மூட்டிவிட்டு வருவார். புகை தெரியாத காம்பரா வீடு காலி என்று தோட்ட நிர்வாகம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் என்ற பயம். இன்னொரு தோட்டத்தில் மழைக்கு ஒதுங்கிப் போனவர்கள் திரும்பி வந்தபோது கதவில் வேறு பூட்டுத் தொங்கியதாம்.

அந்த ஞாயிறு பின்னேரம் மழை கடுமை. யாரும் கிளம்பவில்லை. பிலோமினா மட்டும் குடையை எடுத்தாள்.

"நீ ஏன்டி போற?" என்றேன்.

"அப்பாவுக்குக் காய்ச்சல். நான் போகலேன்னா அவர் எழும்பிப் போயிருவாரு. ரெண்டு வெறகு வச்சுட்டு வந்துர்றேன்."

பள்ளிக்கூட வாசலில் நானும் அவள் அம்மாவும் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு கூரையில் மட்டும் புகை எழும்பியது.

"பத்த வச்சுட்டா. இனி வந்துருவா" என்றார் அம்மா.

லொறியில் இருந்து கருங்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு பார்த்தால் புகை இல்லை, கூரை இல்லை, அந்தச் சாய்ந்த மரமும் இல்லை. அம்மா அதே இடத்தைப் பார்த்தபடி, "அடுப்பு அணஞ்சிருச்சு போல" என்றார். அந்தக் குரலை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

"அம்மா, தெரியாட்டி விடுங்க" என்றாள் மகள்.

"கிரெவிஸ்" என்றேன். போட்டாள். போன் உடனே சரி என்று பச்சை காட்டியது.

மேல் லயம் இருந்த இடம் இப்போது மானாப்புல் காடு. ஆட்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். நான் மட்டும் இன்றும் எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காரும் முன் பின்பக்கம் போய் மண்ணைப் பார்த்துவிட்டு வருகிறேன். எங்க, காட்டு என்று கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.