வரி கொடுக்கும் வீடு

எனக்கு வாய் சும்மா இருக்காது. அலுவலகத்தில் மேலதிகாரி முன்னால் பம்மிவிடுவேன். ஊர்க்கூட்டம் என்றால் மட்டும் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். கோவில்பத்தில் வீடு கட்டிக் குடிவந்து பல வருடங்கள் ஆகியும், பிறந்த மீனவக் கிராமத்துக்கு ஊர் வரி கொடுப்பதை நான் நிறுத்தாததற்கு அந்தக் கூட்டங்களும் ஒரு காரணம். வரி கொடுக்கிற வீட்டுக்குத்தான் எங்கள் ஊரில் பேச்சு உண்டு.

அந்தக் கார்த்திகையில் புயல் அக்கரையில் விழுந்துவிட்டு எங்களையும் ஓரமாக உரசிப் போனது. இலங்கையில் ஊர் ஊராக வெள்ளம். இங்கேயும் ஒன்றும் வாழவில்லை. பத்து நாளாகக் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு. படகெல்லாம் ஆற்றுக்குள் கட்டிக் கிடந்தது, நெடுங்காட்டுப் பக்கம் பயிர் தண்ணீருக்குள் நின்றது. அந்த நேரத்தில்தான் பஞ்சாயத்தார் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். அக்கரைக்கு நிவாரணக் கப்பல் போகிறதாம். நம் ஊரிலிருந்தும் வீட்டுக்கு ஒரு மூட்டை கொடுப்போம் என்றார்கள். ஐந்து கிலோ அரிசி, ஒரு புதுப் புடவை, ஒரு பால்பவுடர் பாக்கெட்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்தேன்.

"ஏங்க, இங்க அடுப்பு எரியாத வீடு எத்தனை இருக்குன்னு யாராச்சும் பார்த்தீங்களா? நம்ம போட்டு ரெண்டு அங்க புடிச்சு வச்சிருக்கான். நாம அவனுக்குப் பால்பவுடர் அனுப்பணுமா?"

பின்னாலிருந்து இளசுகள் விசிலடித்தார்கள். பஞ்சாயத்தில் மூத்தவர், எனக்கு மாமா முறை, சிரித்தார்.

"போட்டைப் புடிச்சவன் வேற, தண்ணில கெடக்கறவன் வேற தம்பி. அது வெளிநாடுன்னு பாக்கறியா? வாஞ்சூர் போர்டுக்கு அந்தாண்ட இருக்கே ஒன் மாமியார் வீடு, அதுவும் வேற கவருமெண்டுதான். அவங்களுக்கு ஒன்னுன்னா போகமாட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையில் அது நல்ல கேள்வி. சாலையோரம் ஒரு பலகை, அவ்வளவுதான் இரண்டு மாநிலத்துக்கும் எல்லை. அதே மழை இரண்டு பக்கமும் கொட்டும், நிவாரணம் மட்டும் பலகையைப் பார்த்துப் பிரிந்து போகும். அந்தப் பக்கம் கொடுப்பது எங்களுக்கு இல்லை, எங்களுக்குக் கொடுப்பது அவர்களுக்கு இல்லை. ஆனால் கூட்டத்தில் சிரிப்பு வாங்கிய மனிதனுக்கு யோசனை எங்கே ஓடும்? கையில் கிடைத்ததை எடுத்து வீசினேன்.

"என் தங்கச்சி வீட்டையே எடுத்துக்குங்க. மச்சான் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. பத்து நாளா மீனு இல்ல, யாவாரம் இல்ல. அரிசிப் பானை கவுந்து கெடக்கு. அவகிட்டப் போயி அக்கரைக்கு அஞ்சு கிலோ கொடுன்னு கேப்பீங்களா? முதல்ல இந்த மாதிரி வீட்டுக்குக் கொடுங்க. மிச்சம் இருந்தா கப்பலேத்துங்க!"

சிலர் உச்சுக் கொட்டினார்கள். கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிவிட்டுப் பஞ்சாயத்தார் முடிவு சொன்னார்கள். ஆம்பளை இல்லாத ஆறு வீடுகள் எதுவும் கொடுக்க வேண்டாம். சேர்ந்ததிலிருந்து அந்த ஆறு வீட்டுக்கும் முதலில் ஆளுக்கொரு மூட்டை போகும். மிச்சம் அக்கரைக்கு. ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன். அவள் மட்டும், "ஒங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை தங்கையிடமிருந்து போன். "அண்ணே, ஒடனே வா." நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன், முட்டாள் நான்.

அவள் வீட்டு வாசலில் மூட்டை இருந்தது. உள்ளே எடுத்து வைக்கவில்லை. அவள் நிலைப்படியில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நல்லா இருப்பியாண்ணே நீ? ஊரு நடுவுல என் பானையக் கவுத்துக் காட்டிட்டு வந்திருக்கியே!"

"ஏய், ஒனக்காகத்தானே பேசினேன்…"

"நான் கேட்டனா? ரெண்டு வருஷமா நாய் படாத பாடு பட்டு இந்த வீட்டுக்கு வரி கொடுத்துட்டு வர்றேன். ஒரே நாள்ல அழிச்சிட்டே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் ஆண் இல்லாத வீட்டுக்கு வரி கிடையாது. இரக்கத்தில் வந்த ஏற்பாடுதான். ஆனால் வரி இல்லாத வீடு ஊர்க் கணக்கில் தலைக்கட்டாகச் சேராது. ஊர் அதற்குக் கொடுக்கும், ஆனால் அதன் பேச்சைக் கேட்காது. அந்த வீட்டுக் கல்யாணத்தில் ஊர்த் தாம்பூலம் வைக்கமாட்டார்கள், சொந்தக்காரர்களோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான். மச்சான் இறந்தபோது "இனிமே நீ ஒன்னும் கொடுக்க வேணாம்மா" என்று அவர்கள் சொன்னதற்கு, "கொடுப்பேன்" என்று ஒற்றைக் காலில் நின்றவள் இவள். மீன் கூடையைச் சுமந்து அம்பகரத்தூர் வரை பஸ்ஸில் போய் விற்று, ஒரு வரிகூட விடாமல் கொடுத்திருக்கிறாள். வருகிற தையில் அவள் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஊர் வந்து தாம்பூலத் தட்டை வைக்குமா, வைக்காதா என்பதுதான் அவளுக்கு அப்போது இருந்த ஒரே கவலை. அதில்தான் நான் மண்ணை அள்ளிப் போட்டிருந்தேன்.

"போனது போகட்டும்" என்று மூக்கைச் சிந்தினாள். "சுனாமிக்கு அப்பறம் நாம போத்திக்கிட்டமே ஒரு போர்வை, அது எந்த நாட்டுதுன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவங்க வீட்டுலயும் ஒரு கஷ்டம் இருந்திருக்கும். எல்லாம் தீர்ந்தப்பறம் கொடுப்போம்னு உக்காந்திருந்தா நாம வெறச்சிருப்போம்."

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

உள்ளே போய் இன்னொரு மூட்டையைத் தூக்கிவந்தாள். நான் வருவதற்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறாள். இருந்த அரிசியை வழித்துப் போட்டிருந்தாள். பால்பவுடருக்கு எங்கே போனாளோ தெரியவில்லை. புடவை, மகளின் நிச்சயத்துக்கு என்று எடுத்து வைத்திருந்ததில் ஒன்று. "அதைத் தூக்கு" என்று வாசலில் கிடந்த மூட்டையைக் காட்டினாள். தூக்கினேன்.

கோயில் வாசலில் மினி லாரி நின்றது. பஞ்சாயத்து மாமா ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயராகச் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக மூட்டையை ஏற்றினார்கள். தங்கையின் தெரு வந்தது. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். அடுத்து, இவள் வீட்டைத் தாண்டி அதற்கடுத்த வீட்டைக் கூப்பிட்டார். தங்கை நகரவில்லை.

"மாமா, என் வீடு விட்டுப் போச்சு."

"ஒனக்குத்தான் வேணாம்னு விட்டாச்சேம்மா. ஒங்கண்ணந்தான் சொன்னான், பானை கவுந்து கெடக்குன்னு."

யாரோ சிரித்தார்கள். தங்கை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஊரில் அதுவரை நான் எத்தனையோ பேசியிருக்கிறேன், அடுத்துச் சொன்னதைப் போல ஒன்றும் கனமாக இருந்ததில்லை.

"நான் பேசினது தப்பு மாமா" என்றேன். "அவளக் கேக்காம பேசிட்டேன். அது வரி கொடுக்கிற வீடு. நேத்தும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான். கூப்பிடுங்க."

"கூட்டத்துல முடிவானதாச்சே தம்பி."

"கூட்டத்துல பேசினவனே வாபஸ் வாங்கறேன். வேணும்னா கால்ல விழறேன்."

மாமா தாடையைச் சொறிந்தார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. "சரி. எந்தப் பேருல கூப்பிடறது? அவன்தான் இல்லையே."

இரண்டு வருடமாக வரியை வாங்கியவர்கள், அதை இறந்தவன் பெயரிலேயே வாங்கியிருக்கிறார்கள். இது எனக்குக்கூட அன்றுதான் தெரியும்.

"என் பேரு ஒங்களுக்குத் தெரியாதா மாமா?" என்றாள் தங்கை.

லாரி டிரைவர்கூட இஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தான். மாமா தொண்டையைக் கனைத்தார். பிறகு சத்தமாக, மற்ற வீட்டுக்காரர்களைக் கூப்பிட்ட அதே குரலில், அவள் பெயரைச் சொன்னார். அவள் முன்னால் போய்த் தன் மூட்டையை ஏற்றினாள். என் கையிலிருந்ததையும் பிடுங்கி அதன்மேல் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. அவள் பின்னாலேயே போனேன்.

தெரு முனையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "வீட்டுல அரிசி இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு மணி இல்ல" என்றாள். "அண்ணி கிட்டச் சொல்லி அஞ்சு கிலோ எடுத்துட்டு வா. மத்தியானச் சோத்துக்குள்ள வந்துடு. பின்பக்கமா வா."