மக்கும் என்று சொன்னவர்

ஆம்பூரில் தோல் ஷாப்பு ஒன்றில் மேஸ்திரியாக இருந்தார் அவர். தோல் பதனிடும் ஆவாரம் பட்டைச் சாறு ஏறி நகமெல்லாம் செம்பழுப்பாக இருக்கும். யார் நிலத்தில் கால் வைத்தாலும் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பார். நாளெல்லாம் பச்சைத்தோல் நாற்றத்தில் கிடக்கும் மூக்குக்கு மண்வாசனை எப்படித் தெரியும் என்று நான் சிரித்ததுண்டு.

ஒருநாள் என் கேழ்வரகுக் கொல்லை மண்ணை முகர்ந்துவிட்டு, "இன்னா தோஸ்த், சத்தே இல்லாத மண்ணா கீது? சாறு போன பட்டைய வண்டி வண்டியா வெளியே தள்றோம். உனுக்கு சும்மாவே கொண்டாந்து கொட்றேன். மக்கிச்சுன்னா மண்ணு கறுப்பாயிடும்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பட்டை மக்குகிற வழியாக இல்லை. மண்ணில் இருந்த கொஞ்சம் சத்தையும் அதுவே இழுத்துக்கொண்டதோ என்னவோ, கேழ்வரகு மஞ்சளித்துக் குறுகிவிட்டது. மறு வருஷமும் அதே கதி. என்னைவிட மேஸ்திரிதான் அதிகம் வருத்தப்பட்டார். "பேஜார் புடிச்ச மண்ணு. எங்கிட்டயே தள்ளிடு, தோஸ்த்" என்றார். அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்குப் பின் அந்தப் பக்கம் போனேன். மண் கறுத்துப் பொலபொலவென்று கிடந்தது. கேழ்வரகு கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது.

"மக்க இத்தினி வருஷம் ஆவும்னு உனுக்கு அன்னிக்கே தெரியும்!" என்று கத்தினேன். அவரை அதுவரை நான் ஒருமையில் பேசியதில்லை.

அவர் ஒரு பிடி மண்ணை அள்ளி, நிதானமாக முகர்ந்து, என் மூக்கருகே நீட்டினார்.

"மக்கும்னு சொன்னேன். மக்கிச்சா இல்லியா, நீயே மோந்து பாரு."

முகர்ந்தேன். அப்படி ஒரு வாசனையை என் மண்ணில் நான் கண்டதே இல்லை. அவர் சொன்னதில் எந்தச் சொல் பொய் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.