லூபினுக்கு விழுந்த இரண்டாவது சீட்டு

அர்சேனி ரோமனவிச் லூபினை எனக்குப் பிடிக்காது. ஐந்து ஆண்டுகள் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பிடிக்காமல் போக அது போதும்.

வோல்கா கரையிலிருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் அவர் சர்வதேச உறவுக் கோட்பாடு கற்பித்தார். கற்பித்தார் என்பதைவிட, மாஸ்கோ எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதோ அந்தப் பக்கம் தானும் திரும்பிக்கொண்டார் என்பது சரியாக இருக்கும். தொண்ணூற்று மூன்றில் அவருடைய பாடத்திட்டத்தின் முதல் அத்தியாயம் ஐரோப்பாவோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வதைப் பற்றியது. பத்து ஆண்டு கழித்து அதே அத்தியாயத்துக்குப் பல துருவ உலகம் என்று பெயர். அதன்பின் கிழக்கு நோக்கி. பக்க எண்கள்கூட மாறவில்லை. எல்லாக் காலத்திலும் ஒரு வரி மட்டும் அப்படியே இருந்தது: பயப்படாத அண்டை நாடு ஆபத்தான அண்டை நாடு.

அந்த வரியைத் துறையின் பொது அறையிலும் நடத்திக்காட்டினார். ஜன்னலோர மேஜை அவருடையது. பக்கத்து மேஜை செராஃபிமா பாவ்லவ்னாவுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு புத்தக அலமாரியை நிறுத்தி, வருடத்துக்கு ஒரு சாண் அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ரெண்டு வருஷம் போனா நான் தாழ்வாரத்துல உக்காந்துதான் பேப்பர் திருத்தணும், அர்சேனி ரோமனவிச்," என்றாள் அவள்.

"நடுவுல கொஞ்சம் இடம் வேணும். பாதுகாப்புக்கு."

"யார்கிட்டேருந்து? என் கெட்டில்கிட்டேருந்தா?"

அவர் சிரிக்கவில்லை. "போன வருஷம் நீங்க எடுக்காத நாலு வகுப்பு பதிவேட்டுல எடுத்ததா இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அவள் அலமாரியைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

எல்லோருக்கும் இப்படி ஒன்று வைத்திருந்தார். கிழக்காசியா பாடம் எடுக்கும் வாதிம், வராத மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டது. என் ஆய்வேட்டில் இரண்டு பக்கங்கள் ஒரு போலந்துக்காரரின் கட்டுரையிலிருந்து வந்தது. வந்ததென்ன, நான்தான் எடுத்தேன். யாரையும் அவர் ஒருமுறைகூடக் காட்டிக்கொடுத்ததில்லை. ஏவாத வரைதான் ஏவுகணைக்கு மரியாதை என்று வகுப்பில் சொல்வார்.

எங்களில் ஒவ்வொருவரையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை துறை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரை வாசிப்பார்கள், எல்லாரும் கை தூக்குவார்கள், அன்று மாலை தேர்வானவர் கேக்கும் கோன்யாக் பிராந்தியும் வைப்பார். அவ்வளவுதான் சடங்கு. ஆனால் அந்த வசந்தத்தில் துறைத்தலைவி தமாரா யெகோரவ்னா, லூபினின் இடத்துக்குத் தன் பழைய மாணவனைக் கொண்டுவர முடிவு செய்திருந்தாள். லூபினுக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி எப்போதோ சமாராவுக்குப் போய்விட்டாள். அவர் குடியிருந்தது பல்கலைக்கழக விடுதி அறை. வேலை போனால் அறையும் போகும்.

தேர்தலுக்கு முதல் நாள் என் மேஜையருகே வந்து நின்றார்.

"தீமா, தம்பி, நாளைக்கு நான் ரகசியச் சீட்டு கேக்கப்போறேன். ஒருத்தர் கேட்டாலும் குடுத்துதான் ஆகணும், விதி இருக்கு."

"எதுக்கு, அர்சேனி ரோமனவிச்?"

"கை தூக்கச் சொன்னா அந்தம்மா மூஞ்சியப் பாத்துத் தூக்குவானுங்க. சீட்டுல போட்டா என்னை நெனச்சுப் போடுவானுங்க." பிறகு, மென்மையாக, "அந்தப் போலந்துக்காரர் நல்லா எழுதறார், இல்ல?"

மறுநாள் சீட்டுக் கேட்டார். தமாரா யெகோரவ்னா சரியென்று தலையாட்டினாள். ஒன்பது தாள்களில் அவர் பெயர் அச்சாகி வந்தது. வேண்டாமென்றால் பெயரை அடிக்க வேண்டும். வேண்டுமென்றால் அப்படியே மடித்துப் போட வேண்டும். தாளை முழங்கையால் மறைத்துக்கொண்டு குனிந்தேன். என் பேனா ஒரு கோட்டோடு நிற்கவில்லை. அறை முழுக்கக் கீறும் சத்தம்; தகரத்தின் மேல் எலி ஓடுவது போல.

செராஃபிமா பாவ்லவ்னா எண்ணினாள். அடித்தது ஏழு. அடிக்காதது இரண்டு.

லூபின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகங்களும் ஒரே மாதிரி வருத்தமாக இருந்தன.

புகைபிடிக்கும் மாடிப்படியில் வாதிம் சிரித்தபடி என்னிடம் சொன்னான்: "கெழவன் இருபத்தாறு வருஷமா பசங்களுக்கு என்ன சொல்லிக்குடுத்தான்? அடிச்சது யாருன்னு தெரிஞ்சாத்தானே திருப்பி அடிக்க முடியும். பரீட்சையில இதே கேள்விக்கு என்னையே ரெண்டு தடவ ஃபெயில் பண்ணிருக்கான்."

"இப்ப எல்லாத்தையும் வெளிய விட்டுட்டா? இனி இழக்க என்ன இருக்கு அவருக்கு?"

வாதிமின் சிரிப்பு நின்றது. சிகரெட்டைப் பாதியில் அணைத்துவிட்டு விடுவிடுவென்று விடுதிப் பக்கம் போனான்.

அவனை முந்திக்கொண்டு சிலர் லூபினிடம் போயிருந்தார்கள். இரண்டில் ஒன்று லூபினே போட்டது. மற்றது யாருடையதென்று யாருக்கும் தெரியாது. அதனால் அது எல்லாருடையதாகவும் ஆனது. நான் விடுதி அறைக்குப் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாள்.

"அர்சேனி ரோமனவிச், அந்த இன்னொரு சீட்டு..."

"உங்களுதா?"

"ஆமா."

"உக்காருங்க. ஏழு பேர் வந்துட்டாங்க. தமாராகூட வந்தா, கண்ணத் தொடச்சுக்கிட்டு. நீங்க எட்டு." தாளில் என் பெயரை எழுதினார். "ஏழு பேர் பொய் சொல்றீங்க. ஒருத்தர் நெஜம். எந்த ஒருத்தர்னு சொல்லுங்க, தீமா, மத்த ஏழு பேரையும் இன்னிக்கே முடிச்சுடறேன்."

"நான்தான் சொன்னேனே."

"அதைத்தான் எல்லாரும் சொன்னாங்க."

தாளிலிருந்த எட்டுப் பெயர்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். இத்தனை ஆண்டுகளில் தனக்கென்று கிடைத்த ஒரே ஆளை, தெரியாமல் தானே சுட்டுவிடுவோமோ என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. உள்ளுக்குள் ஏதோ இறங்கி லேசாகிப்போனது.

யாரைப் பற்றியும் அவர் எதுவும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஜூன் கடைசியில் விடுதியைக் காலி செய்தார். நான்காவது மாடி, மின்தூக்கி கிடையாது, பதினோரு பெட்டி புத்தகங்கள். துறை ஜன்னலிலிருந்து எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பெட்டியாக அவரே இறக்கினார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை, அந்த இரண்டாவது சீட்டைப் போட்டவர் உட்பட.