சாம்பிள் பிளேட்டில் என் குரல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மாம்பலத்தில் என் வீட்டு வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியவர் ரோசம்மா டீச்சர். சாந்தோமில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். என் பழைய ஆர்மோனியக்காரர் சூசையின் மனைவி. சூசை காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

டீச்சர் கையில் ஒரு தகரப் பெட்டி.

"ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரைக் காலி பண்ணினோமே, அப்ப கட்டி வெச்சது சார். இப்பதான் பிரிச்சேன். அவரு பிளேட்டெல்லாம் இருக்குது. எங்க வூட்ல மிஷின் இல்ல. ஒரு தடவ போட்டுக் காட்டுங்க."

சாம்பிள் பிளேட்டுகள்! உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. நான் வார்த்தை எழுதி, சூசை ஆர்மோனியம் வாசித்துப் பாடினால், கிராமபோன் கம்பெனியில் முதலில் ஒரே ஒரு இசைத்தட்டு, அதாவது பிளேட், எடுப்பார்கள். கடைக்காரர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார்கள். அவர்கள் உதட்டைப் பிதுக்கினால்... பாட்டு அதோடு சரி. பிளேட் எங்களிடமே திரும்பி வந்துவிடும். அதன் நடுவே வெறும் வெள்ளைக் காகிதம்தான். ஆபீஸ் குமாஸ்தா குழம்பாமலிருக்க, பாட்டு முடிந்ததும் யாராவது ஒருவர் 'மெட்டு இன்னார்' என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும்.

சந்தோஷமாகத்தான் முள்ளை வைத்தேன். முதல் பிளேட்... இப்படியா எழுதினேன் என்று வெட்கமாக இருந்தது. இரண்டாவது அதைவிட மோசம். டீச்சர் கணவரின் குரலைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவதில் ஆர்மோனியம் ஆரம்பித்ததுமே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அந்த மெட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதமாகத் திருவல்லிக்கேணி ஹோட்டல்களில் காப்பியோடு அதைத்தான் பரிமாறுகிறார்கள். 'பாட்டும் மெட்டும்' என்று என் பெயரை மட்டும் அச்சடித்து வந்த பிளேட். கடற்கரையில் நடந்தபோது தானாக வந்த மெட்டு என்று பத்திரிகையின் இதே பத்தியில் உங்களிடம் பீற்றிக்கொண்டேனே — அதே மெட்டு. சூசையின் குரலில்!

சத்தியமாகச் சொல்கிறேன், நான் திருடவில்லை. மறந்துவிட்டேன். மறந்தது உள்ளே எங்கேயோ கிடந்து, என்னுடையது மாதிரி வெளியே வந்திருக்கிறது. ஆனால் இதை யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.

டீச்சருக்குப் புரிந்துவிட்டதா? முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அந்த நேரம் பார்த்து என் மனைவி காப்பியோடு வந்தாள்.

"ஏன்னா, இது உங்க பாட்டுன்னா! வேற வார்த்தை போட்டு யாரோ பாடறாரே?"

உடனே நிறுத்திவிடலாமா? எடுக்கும்போது கை தவறிக் கீழே போட்டால் பிளேட் சுக்குநூறாகிவிடும். அப்புறம் சாட்சி ஏது? நினைத்தேன் ஐயா, மறைப்பானேன்! மிஷினை நோக்கிக் கையைக்கூட நீட்டிவிட்டேன்.

அதற்குள் பாட்டு முடிந்தது. முள் கொஞ்ச நேரம் கரகரவென்று ஓடியது. பிறகு கணீரென்று ஒரு குரல்: "மெட்டு — சாந்தோம் சூசை."

அது என் குரல்.

மனைவி டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"டீச்சர்... நான் வந்து..."

"தெரியும் சார்," என்றார் ரோசம்மா. "கடற்கரையில கார்ப்பரேஷன் ரேடியோவுல போட்டப்பவே தெரியும். அவரு வூட்ல பாடிக்கினு இருந்த மெட்டாச்சே. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ஆறு மாசம் பாத்தேன். வரல. சரி, மறந்துட்டாரு போலன்னுதான் பெட்டியத் தூக்கிக்கினு வந்தேன்."

கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை. நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

மறுநாளே கம்பெனிக்கு எழுதிவிட்டேன். இனி வரும் பிளேட்டுகளில் சூசையின் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். சொன்னால் பயம் போய்விடும் என்று பார்த்தேன்... போகவில்லை.

ரிக்‌ஷாவில் ஏறும்போது டீச்சர் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. "மிச்ச பிளேட்டையும் கேளுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெட்டும் என்னுடையது என்று எனக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டுகள் இன்னும் நாலு இருக்கின்றன — பெட்டியைத் திறக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது.