கடைசி வண்டிக்கு இருநூறு இழுப்பு

பீப்பாயின் மூடியைக் கழற்றியதும் முதலில் மோந்து பார்ப்பார். அப்புறம் ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார். அதிலும் மனம் ஆறாமல், கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இத்தனைக்கும் முந்தின நாள் அதே பீப்பாயை மூடிப் பூட்டியவரும் அவரேதான். மண் அள்ளும் வண்டிகள் நிற்கும் அந்த முற்றத்தில், டீசல் ஊற்றுகிறவருக்கு 'மோப்பம்' என்று பெயர் விழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். பூட்டிய கதவை நாலு தரம் இழுத்துப் பார்ப்பார். மணி என்ன என்று மனைவியைக் கேட்பார். அவள் சொன்னதைக் கடிகாரத்தில் சரிபார்ப்பார். கடிகாரத்தைக் கைபேசியில் சரிபார்ப்பார். "என்னைக் கட்டிக்கிட்டதையாவது நம்புறீங்களா?" என்று அவள் கேட்டால், "யோசிச்சுத்தான் சொல்லணும்" என்பார், சிரிக்காமல்.

அவர் நம்பிய ஒரே பொருள் அவருடைய கைப்பம்பு. பீப்பாய்க்குள் இறக்கி, பிடியை ஒரு தரம் மேலே இழுத்து அழுத்தினால் கால் லிட்டர். இருநூறு இழுப்புக்கு ஐம்பது லிட்டர், ஒரு வண்டியின் ஒரு நாள் தீனி. இப்படி நாலு வண்டி. வாய் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்; கண் மட்டும் ஓட்டுநர்களின் கைகளிலேயே இருக்கும். யார் எப்போது குழாயைத் திருப்புவான் என்று யாருக்குத் தெரியும்?

வரிசையில் கடைசி வண்டியை ஓட்டுகிறவன் அவருடைய மைத்துனன். மனைவிக்கு ஒரே தம்பி. இரண்டு மாதமாக அவன் வண்டி மட்டும் நாலு மணிக்கே டீசல் தீர்ந்து நின்றுவிடும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ஒழுக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? மோப்பம் அவனுடைய டாங்க் மூடிக்குத் தனிப்பூட்டு ஒன்று போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்படியும் டீசல் குறைந்தது. "பூட்டைத் தொடாமலே எடுக்கிறான்னா, எவ்வளவு கைகாரனா இருப்பான்!" என்று வீட்டில் வந்து சொன்னார். மனைவி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. தம்பி அக்கா வீட்டுப் படியேறுவதையே நிறுத்திவிட்டான்.

போன வாரம் மேலாளர் ஒரு பேட்டரி பம்பைக் கொண்டுவந்து வைத்தார். "தோளைத் தேய்ச்சிக்கிட்டே நிக்கிறீங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கு. இதுல ஊத்துங்க. பொத்தானை அமுக்கினா ஏத்தும், எத்தனை லிட்டர்னு எண் காட்டும், சொன்ன அளவு வந்ததும் தானா நின்னுடும்."

"தானா நிக்குமா? நில்லுன்னா நிக்க அது என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?"

அதன் குட்டை உடைத்தே தீருவது என்று முடிவு செய்தார். அன்றும் நாலு வண்டிக்கும் கையாலேயே ஊற்றிவிட்டு, இருபது லிட்டருக்குக் கோடு போட்ட கேனை எடுத்து வைத்தார். பேட்டரி பம்பு முனகியது, நின்றது. டீசல் கோட்டைத் தொட்டு நின்றது, மயிரிழை பிசகவில்லை. உடனே கேன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. டீசலைப் பீப்பாயிலேயே திரும்பக் கொட்டி, கைப்பம்பை இறக்கி, எண்பது இழுப்பு இழுத்தார். கோட்டுக்கு நாலு விரல் கீழேயே நின்றது.

வாஷரைக் கழற்றிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. தரை சாய்ந்திருக்கிறதோ என்று குனிந்து பார்த்தார். எண்ணிக்கைதான் தப்பிப்போனதோ என்று மறுபடி இழுத்தார். இந்தத் தடவை பக்கத்தில் ஓட்டுநர்கள் யாரும் இல்லாததால், கண் பம்பின் மேல் இருந்தது.

பம்பின் பிடிக்கம்பி முழுசாக மேலே வந்தால் அதன் அடியில் வெட்டிய வளையக் கோடு ஒன்று வெளியே தெரியும். தெரியவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். கோடு வருவதற்குள் கை தானாகவே திரும்பி இறங்கியது. முதல் வண்டிக்குத் தெம்பாக இருக்கிற தோள், கடைசி வண்டிக்கு வரும்போது பாதி வழியிலேயே ஒடுங்கிவிடுகிறது. தோள் வலிக்கிறது என்பது அவருக்கு இரண்டு மாதமாகத் தெரியும். டீசலைக் குறைத்ததும் அதுதான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

நேரே முற்றத்தின் மறுகோடியில் நின்ற கடைசி வண்டிக்குப் போனார். மைத்துனன் உயரத்தில் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை.

"என்ன மாமா, இன்னிக்குப் பையையும் உதறிக் காட்டணுமா?"

அவர் டாங்க் மூடியின் பூட்டைக் கழற்றினார். சாவியை அதிலேயே செருகினார்.

"நீ இல்லடா மச்சான். இந்தக் கைதான்."

பூட்டை வலக்கையில் எடுத்து அவனிடம் நீட்டினார். கை தோளுயரத்துக்குக்கூட எழவில்லை. இடக்கையை முழங்கைக்கு அடியில் கொடுத்து, அவனுக்கு எட்டும் வரைக்கும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.